உதவி: உறைபனி வாரம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இரவில் நின்றுவிடுகிறது, சமையலறைக் குழாயில் தண்ணீர் இல்லை

முதல்குளிர் (புதன், காலை 6.20)

வணக்கம். அவசரம். சொந்த வீட்டில் எங்களுக்கு இது முதல் குளிர்காலம். நகரத்துக்கு வடக்கே புறநகர், வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி. காற்றுக்குத் தடையே இல்லை.

வெள்ளி இரவு தொடங்கிய பனி ஞாயிறு மதியம்தான் விட்டது. திங்கள் முழுக்க வடக்கிலிருந்து காற்று. நேற்று இரவு மைனஸ் 21.

திங்கள் இரவு 2 மணிக்குக் குளிர் தாங்காமல் விழித்தேன். தெர்மோஸ்டாட்டில் 20 வைத்திருந்தேன், வீடு 16-இல் இருந்தது. பேஸ்மென்ட்டில் போய்ப் பார்த்தால் ஃபர்னஸ் ஓடப் பார்க்கிறது. உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுற்றுகிறது, நெருப்பு பிடிக்கவில்லை, நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன், ஓடியது. நேற்றுப் பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. நேற்று இரவு திரும்பவும் இரண்டு தடவை நின்றது.

இன்று காலை சமையலறைக் குழாயைத் திறந்தால் சொட்டுக்கூட வரவில்லை. குளியலறையில் நன்றாக வருகிறது. சிங்க் இருப்பது வடக்குச் சுவரில்.

வீட்டில் 8 மாதக் குழந்தை. ஃபர்னஸ் சர்வீஸுக்குப் போன் செய்தால் வெள்ளிக்கிழமைதான் ஆள் வருமாம். அதுவரை கேஸ் அடுப்பின் ஓவனைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தால் கொஞ்சம் சூடு கிடைக்குமே, செய்யலாமா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா (புதன், காலை 6.31)

ஓவனைப் போடாதீங்க. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேளுங்க. அறையைச் சூடாக்க ஓவனை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று வரும், நாம் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். கரி அடுப்பு, பார்பிக்யூ எதையும் உள்ளே கொண்டுவராதீங்க. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுகூட வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பனிப்புயலில் ஃபர்னஸின் புகைக்குழாய் மூடிக்கொண்டது. விடியற்காலை 4 மணிக்கு அலாரம் கத்தியது. சின்னவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன், அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. அசந்து தூங்குகிறாளா, மயக்கமா என்று அந்த ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து அளந்து பார்த்துவிட்டு, நல்ல நேரத்தில் வெளியே வந்தீங்க என்றார்கள்.

உங்கள் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இப்போதே டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. புகை அலாரம் வேறு, இது வேறு. சிலதில் இரண்டும் சேர்ந்திருக்கும், முகப்பிலேயே எழுதியிருக்கும்.

குழந்தையை ஒரே அறையில் வைத்துக் கதவை மூடி, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்க. மின்சார ஹீட்டர் இருந்தால் அந்த அறையில் போடலாம், ஆனால் நேராகச் சுவர் பிளக்கில்தான். அது 1500 வாட் இழுக்கும், எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். திரை, மெத்தை, தொட்டில் எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஃபர்னஸ் மெக்கானிக் (புதன், காலை 6.48)

அம்மா சொன்னதுதான் முதல் வேலை. அலாரம் கத்தினால் யோசிக்காமல் எல்லோரும் வெளியே.

தம்பி, நீங்க விவரமாக எழுதியிருக்கீங்க, அதனால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. சின்ன மோட்டார் சுற்றிப் பற்றாமல் நிற்கிறது என்றால், புகையை வெளியே தள்ளும் வழி சரியில்லை என்று பிரஷர் ஸ்விட்ச் கேஸைத் திறக்கவிடாமல் வைத்திருக்கலாம். அந்த ஸ்விட்ச் உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதைப் பைபாஸ் செய்யச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீங்க.

மூன்று விஷயம் சொல்லுங்க. ஃபர்னஸிலிருந்து போவது வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களா, இரும்புக் குழாயா? அது வீட்டின் எந்தப் பக்கம் வெளியே வருகிறது? முன் தகட்டில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கும், உள்ளே விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறது? அதன் அர்த்தம் தகட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும்.

முதல்குளிர் (புதன், காலை 7.15)

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஓவன் போடவில்லை. அலாரம் இருக்கிறது, டெஸ்ட் செய்தேன், கத்தியது. குழந்தையும் மனைவியும் மாடியில் சின்ன அறையில் இருக்கிறார்கள்.

இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள். விளக்கு மூன்று தடவை மினுக்கி நிற்கிறது, ஸ்டிக்கரில் பிரஷர் ஸ்விட்ச் என்றுதான் போட்டிருக்கிறது. குழாய்கள் வடக்குச் சுவர் வழியாகத்தான் வெளியே போகின்றன. பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அங்கே குழாயே தெரியவில்லை, பனிதான் இருக்கிறது. வாசலில் முழங்கால் அளவுதான் பனி, அங்கே காற்று ஒதுக்கி ஒதுக்கி இடுப்புக்கு மேல் குவிந்திருக்கிறது. நான் வாசல் பனியை மட்டும்தான் தள்ளினேன், அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஃபர்னஸ் மெக்கானிக் (புதன், காலை 7.22)

அதேதான். முதலில் ஃபர்னஸ் ஸ்விட்சை அணையுங்க. மேலே உள்ள பனியை ஷவலால் எடுங்க, குழாய்க்கு ஓரடி தூரத்தில் ஷவலைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டுங்க. குளிரில் அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி, ஒரு தட்டு போதும் உடைய. ஒன்று காற்றை உள்ளே இழுப்பது, மற்றது புகையை வெளியே விடுவது. இரண்டையும் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் வெளி வேண்டும். கையை விட்டு வாய்க்குள்ளும் பாருங்க. புகையில் ஈரம் அதிகம், பனிக்குள் மாட்டிக்கொண்டால் வாயைச் சுற்றி வளையமாக ஐஸ் கட்டும். ஜாடையில் பார்த்தால் திறந்திருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே பாதிதான் வழி. பகலில் ஓடி இரவில் நிற்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

முதல்குளிர் (புதன், காலை 8.40)

தோண்டிவிட்டேன். சொன்னது அப்படியே இருந்தது அண்ணா. புகைக்குழாய்க்கு முன்னால் பனிக்குள் ஒரு சின்னக் குகை, அதன் கூரை முழுக்க மஞ்சள் படிந்த ஐஸ். குழாய் வாய்க்குள் விரல் தடிமனுக்கு ஐஸ் வளையம், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்ததும் முழு வளையமாகக் கழன்று வந்தது. உள்ளிழுக்கும் குழாயில் மாவு மாதிரி பனி அடைத்திருந்தது.

ஸ்விட்சைப் போட்டேன், பற்றியது! இப்போது 17, ஏறிக்கொண்டிருக்கிறது. சமையலறைக் குழாய்தான் இன்னும் வரவில்லை.

அவசர உதவியாளன் (புதன், காலை 8.52)

சிங்க் கீழே உள்ள பைப்பில் கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுங்க, அஞ்சு நிமிஷத்தில் உருகிடும். நான் கராஜில் செய்திருக்கேன்.

குழாய்க்காரர் (புதன், காலை 9.05)

வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் சுவருக்குள் மரச்சட்டமும் இன்சுலேஷனும் இருக்கின்றன. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் கடையைக் கட்டிவிட்டுப் போன பிறகு பிடிக்கும். இப்படி எரிந்த சுவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடைபட்ட இடத்தில் தண்ணீர் கொதித்தால் பைப்பும் வெடிக்கும்.

முதலில் வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, அது திரும்புகிறதா என்று பாருங்கள். பைப் ஏற்கெனவே விரிந்திருந்தால் ஐஸ் உருகும் நிமிடத்தில்தான் தெரியும், அப்போது வால்வைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து சமையலறைக் குழாயைத் திறந்தே வையுங்கள், சூடு பக்கமும் குளிர் பக்கமும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். பலர் ஐஸ் இருக்கும் இடத்தில்தான் பைப் வெடிக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிறைப்பட்ட தண்ணீர் அழுத்தம் தாங்காமல்தான் வெடிக்கிறது. குழாய் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும்.

சிங்க் அலமாரிக் கதவுகளைத் திறங்கள், உள்ளே இருக்கும் கிளீனர் பாட்டில்களைக் குழந்தைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டு. ஹேர் டிரையரை எடுத்துக் குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி மெதுவாகப் போங்கள். சுவர் பக்கமிருந்து தொடங்கினால் உருகிய தண்ணீருக்குப் போக வழி இருக்காது. ஒரே இடத்தில் பிடிக்காதீர்கள், ஈரத்தில் நின்றுகொண்டு பிடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

வானிலைப் பிரியன் (புதன், காலை 10.10)

ஒரு சின்னக் குறிப்பு. போனில் "உணரும் குளிர் மைனஸ் 33" என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நம் தோலுக்கான கணக்கு. காற்றின் வெப்பம் மைனஸ் 21 என்றால் பைப் அதற்குக் கீழே போகவே போகாது. ஆனால் காற்று அந்த மைனஸ் 21-க்கு வேகமாகக் கொண்டுபோய்விடும், அதுவும் சுவரில் ஓர் ஓட்டை இருந்தால். ஒரே சுவரில் ஒரு பைப் மட்டும் உறைந்தால் பெரும்பாலும் அங்கே காற்று நுழைகிறது என்று அர்த்தம். அலமாரிக்குள் கையை நனைத்து வைத்துப் பாருங்கள், எங்கே சில்லென்று அடிக்கிறது என்று தெரியும்.

முதல்குளிர் (புதன், மதியம் 12.30)

வந்துவிட்டது! ஐம்பது நிமிடம் டிரையர் பிடித்தேன். முதலில் குழாய் இரண்டு முறை கனைத்தது, பிறகு கொஞ்சம் துப்பியது, பிறகு நூலாக வந்தது. மனைவி மெயின் வால்வு பக்கத்திலேயே போனோடு நின்றாள். எங்கும் ஒழுகவில்லை.

ஓட்டையும் கிடைத்தது. பைப்புக்குப் பின்னால் பழைய கேபிள் ஒயர் ஒன்று வெளியே போகிறது, அதைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. கையை வைத்தால் ஊதுகிற மாதிரி காற்று. இப்போதைக்குத் துணி அடைத்திருக்கிறேன்.

குழாய்க்காரர் (புதன், மதியம் 12.50)

நல்ல செய்தி. துணி ஈரம் பிடித்து உறையும், நாளைக்குள் ஸ்ப்ரே ஃபோம் வாங்கி அடைத்துவிடுங்கள். இந்த வாரம் முழுக்க இரவில் அலமாரிக் கதவு திறந்திருக்கட்டும், இரண்டு பக்கக் குழாயும் பென்சில் ஈயம் தடிமனுக்கு ஓடட்டும். தெர்மோஸ்டாட்டை இரவில் குறைக்காதீர்கள். மிச்சமாகும் கேஸ் காசைவிட ஒரு பைப் வெடிப்பு பல மடங்கு தின்னும்.

முதல்குளிர் (வியாழன், அதிகாலை 3.10)

மன்னிக்கவும், திரும்பவும் நின்றுவிட்டது. அதே மூன்று மினுக்கல். வெளியே டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்தேன், இரண்டு குழாய்களும் திறந்துதான் இருக்கின்றன. மோட்டார் சுற்றும்போது உள்ளே தண்ணீர் குலுங்குகிற மாதிரி "களகள" என்று சத்தம். நேற்றும் லேசாக இருந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபர்னஸ் மெக்கானிக் (வியாழன், அதிகாலை 3.35)

அந்தச் சத்தம்தான் பதில். இந்த வகை ஃபர்னஸ் புகையிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே விடும், ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில். அந்த வடிகால் டியூப் எங்கோ அடைத்து, தண்ணீர் உள்ளே தேங்கி, பிரஷர் ஸ்விட்ச் மறுபடி மறுக்கிறது. டியூப் எங்கே போகிறது? அதுவும் வடக்குச் சுவரா?

முதல்குளிர் (வியாழன், அதிகாலை 3.44)

ஆமாம். சுவரை ஒட்டியே போய் வெளியே விடுகிறது. கடைசி ஒரு முழம் தொட்டால் கல் மாதிரி இருக்கிறது.

ஃபர்னஸ் மெக்கானிக் (வியாழன், அதிகாலை 3.50)

ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஃபர்னஸுக்கு வெளியே முதல் இணைப்பில் டியூபைக் கழற்றுங்க, கீழே வாளி வையுங்க. தேங்கியது கொட்டும், கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, கையைக் கழுவிக்கொள்ளுங்க. ஃபர்னஸுக்குள் இருக்கும் டிராப்பை, அதாவது தண்ணீர் தேங்கிப் புகையை மறிக்கும் பாகத்தை, கழற்ற வேண்டாம், அது இல்லாமல் ஓட்டினால் புகை அறைக்குள் வரும். பிறகு போட்டுப் பாருங்க. வெள்ளிக்கிழமை ஆள் வரும்வரை வாளியிலேயே விழட்டும், நிரம்புவதற்குள் கொட்டுங்க. அவர் வந்ததும் டியூபை வீட்டுக்குள்ளேயே தரை வடிகாலுக்குத் திருப்பச் சொல்லுங்க. வெளியே விடுகிற வரை ஒவ்வொரு கடுங்குளிரிலும் இது வரும்.

முதல்குளிர் (வியாழன், அதிகாலை 4.25)

கால் வாளி கொட்டியது. ஓடுகிறது அண்ணா. களகள சத்தம் இல்லை. இந்த நேரத்தில் தூங்காமல் பதில் சொன்னதற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா (வியாழன், காலை 7.00)

அப்பாடா. குழந்தை எப்படி இருக்கு?

முதல்குளிர் (சனி, காலை 9.30)

குழந்தை நன்றாக இருக்கிறான் அக்கா. நேற்று டெக்னீஷியன் வந்தார். டியூபைத் தரை வடிகாலுக்குத் திருப்பிவிட்டார், வெளிக்குழாய் இரண்டையும் வசந்தத்தில் உயர்த்திக் கட்டச் சொன்னார். கேபிள் ஓட்டையில் ஃபோம் அடித்துவிட்டேன். நேற்று இரவும் பனி பெய்தது, காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போகும் முன் பின்பக்கம்தான் போனேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சுவருக்குள் கசிவு இருந்தால் எப்படித் தெரியும்?

குழாய்க்காரர் (சனி, காலை 9.50)

சொட்ட விட்ட குழாய்கள் உட்பட எல்லாவற்றையும் மூடுங்கள், கழிப்பறைத் தொட்டி நிரம்பி அடங்கட்டும், வாஷிங் மெஷின் ஓடக்கூடாது. தண்ணீர் மீட்டரில் சின்ன முக்கோணமோ சக்கரமோ இருக்கும், நூல் கசிவுக்கும் அது சுற்றும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மீட்டர் முழுக்க டிஜிட்டல் என்றால் எண்ணைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.

முதல்குளிர் (சனி, காலை 10.40)

சிவப்பு முக்கோணம். முக்கால் மணி நேரம் பார்த்தோம். அசையவில்லை.