விக்கிமூலத்தில் மாணவர்கள் பார்த்த மெய்ப்பு: தொடரலாமா, விட்டுவிடலாமா?

தாமிரபரணிக்காரி:
ஒரு கலைக் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 38 பேர். நாம் வாங்குகிற அசைன்மென்ட் எல்லாம் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறது. நாலு பேர் படிக்கிற வேலையாக இருக்கட்டுமே என்று போன பருவத்தில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் ஆளுக்குப் பத்துப் பக்கம், ஸ்கேனோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கச் சொன்னேன். ஆய்வகத்தில் ஆறு பேருக்கு மேல் கணக்கே தொடங்க முடியவில்லை. மீதிப்பேர் கடைசி நாள் ராத்திரி வீட்டிலிருந்து செய்தார்கள். காலையில் பார்த்தால் எல்லாப் பக்கமும் மஞ்சள், அதாவது ‘மெய்ப்புப் பார்த்தாயிற்று’ என்ற குறி! உள்ளே போனால் ‘இல்லை’, ‘கின்றார்’ என்று திருத்தியிருக்க வேண்டிய ‘இல்லே’, ‘கின்ருர்’ அப்படியே கிடக்கிறது. படிக்காமலே சேமித்திருக்கிறார்கள். அங்கே பங்களிக்கிற ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில் (எனக்குச் செய்தி விடும் இடம்) இதைப் பற்றி நாசூக்காகக் கேட்டிருந்தார். கூசிப்போனேன்.

சிவப்புப்பேனா:
விடாதீர்கள் மேடம். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது உங்கள் ஆய்வகம் மாதிரி ஒரே இணைய இணைப்பிலிருந்து, நாளுக்கு ஆறு கணக்குதான் தொடங்கலாம். முன்கூட்டியே விலக்கு கேட்டு வாங்கலாம்.

பத்துப் பக்கம் என்றதுதான் வினை. நான் கொடுப்பது இரண்டே பக்கம். முதல் வகுப்பில் கணினியே கிடையாது. ஸ்கேனையும், அதைக் கணினி தானாகப் படித்துத் தந்த ஓசிஆர் எழுத்தையும் அச்செடுத்து, பேனாவைக் கையில் கொடுத்துவிடுவேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்திருக்கும். “சார், இது மலையாளமா?” என்று கேட்டான் ஒருவன். அந்தத் தும்பிக்கையை ஓசிஆர் ஏகாரமாகப் படிக்கும்; ‘அவனை’ ‘அவனே’ ஆகிவிடும். இரண்டுமே சரியான சொல், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். தமிழ் மாணவருக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

மதிப்பெண்ணை மஞ்சளுக்குப் போடாதீர்கள். மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க (‘சரிபார்த்தாயிற்று’ என்று குறிக்க) முடியாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் பிடித்த பிழைக்குப் போடுங்கள். வரலாற்றுப் பக்கத்தில் யார் எதைத் திருத்தினார் என்று தெரியும், சண்டைக்கு இடமில்லை.

மூன்றாமாண்டு:
நான் இப்படி மார்க்குக்காகச் செய்தவள்தான். பெயரோடு பதிவெண்ணையும் சேர்த்துக் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். இன்றைக்கும் அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. பயனர் பெயரை மாற்றித் தரக் கேட்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் மேம், பட்டியல் உங்களிடம் இருந்தால் போதாதா? அப்புறம், போனில் செய்யச் சொல்லாதீர்கள். படத்தைப் பார்த்தால் எழுத்து தெரியாது, எழுத்தைப் பார்த்தால் படம் போய்விடும்.

தாமிரபரணிக்காரி:
பதிவெண் வைக்கச் சொன்ன கூட்டத்தில் நானும் உண்டு அம்மா, இன்றே மாற்றச் சொல்கிறேன். புதுப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். போன பருவத்து 380 பக்கத்தையும் மறுபடி சிவப்பாக்கி, அதாவது ‘மெய்ப்புப் பார்க்காதவை’ என்று குறித்துவிட்டு, இந்த வருஷப் பிள்ளைகளுக்கு அதையே கொடுக்கப் போகிறேன்.