சினிமாவில் நம்மைக் காட்டிய விதம்: செட்டிநாட்டுக்காரர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வளவுவீட்டுப் பெண், கானாடுகாத்தான்:
வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டிருந்தோம். பட்டாலையில் (கூடத்தில்) எங்கள் ஐயா, அதாவது தாத்தா படம் மாட்டியிருக்கும். பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக (கடையின் கடைநிலை ஊழியராக) போய், அடுத்தாளாகி (கடைப் பொறுப்பாளருக்கு அடுத்தவராகி), சொந்தக் கடை வைத்து, 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது எல்லாம் போய்க் கால்நடையாக ஊர் வந்து சேர்ந்தவர்கள். செட் போடுகிறவர்கள் அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு இரண்டு வாளும் ஒரு மான் தலையும் மாட்டினார்கள். பண்ணையார் வீடாம். அப்பச்சி (என் அப்பா) நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "நாம எப்ப ஆத்தா வாள் புடிச்சோம்?" என்று என்னிடம் கேட்டார்கள். படம் வந்ததும் பார்த்தால், அதே பட்டாலையில் தூணில் ஒருவனைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு மொய் எழுதுகிற இடம் அது. சினிமாவில் செட்டியார் வந்தால் வட்டிக்காரர், செட்டியார் வீடு வந்தால் சாட்டை. நடுவில் மனுசர்களே கிடையாதா?

கல்லல் பையன்:
ஆச்சி, உங்கள் வீட்டையாவது காட்டினார்கள். அந்த வீட்டுத் தரைக்குப் பூப்போட்ட கல் வார்த்தவர்களை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? அப்பாவுக்கு ஆத்தங்குடியில் கல் போடுகிற வேலை. நான் துணை நடிகர் தேர்வுக்குப் போனேன். கையில் அட்டை அருவாளைக் கொடுத்து, "ஏலே" என்று அதட்டச் சொன்னார் உதவி இயக்குநர். சிவகங்கைப் பக்கம் அப்படிப் பேச மாட்டோம் சார், அது திருநெல்வேலி என்றேன். "ஆடியன்ஸுக்கு ஊர்னா இதுதான், சொல்லுப்பா" என்றார். சொன்னேன். யாரோ பேசுவதுபோல் இருந்தது. வேஷம் கிடைத்தது, நான்தான் போகவில்லை.

பள்ளத்தூர்த் திருநங்கை:
தம்பி, உன் பேச்சைத்தான் மாற்றினார்கள். எங்களுக்கு ஆளையே மாற்றுவார்கள். இது 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் வருவதற்கு முந்திய கதை. காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம். புடவை கட்டிய ஓர் ஆண் நடிகர் கையைத் தட்டிக்கொண்டு கதாநாயகனைத் துரத்துகிறார். கொட்டகையே சிரித்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் திரையை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் அவன் அம்மா திரும்பினார். அவர் சிரிக்கவில்லை, பையன் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 2019-ல் 'பேரன்பு' படத்தில் திருநங்கை வேடத்தில் திருநங்கையான அஞ்சலி அமீரே நடித்தார். அதே ஆண்டு 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் அந்த வேடம் விஜய் சேதுபதிக்குப் போனது, தேசிய விருதும் வாங்கினார். நன்றாகத்தான் நடித்தார். ஆனால் நான் அழுதது அஞ்சலியைப் பார்த்துத்தான்.

தேவகோட்டை அண்ணன்:
எங்கள் வீட்டிலும் ஷூட்டிங் நடந்தது. கேமரா டிராலிக்குத் தண்டவாளம் போட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல்லை உடைத்தார்கள். ஊருக்கு சினிமா புதிதில்லை, 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தை ஏவி.எம். எடுத்ததே காரைக்குடியில்தான். அதனால் கானாடுகாத்தான் சகோதரிக்குச் சொல்கிறேன்: கோபப்படாமல் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தண்டவாளத்துக்கு அடியில் பிளைவுட் விரிக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்று கொத்தனார் கிடைப்பது கஷ்டம். இரண்டாம் கட்டை (வீட்டின் உள்பகுதியை) பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் தெருவிலேயே நிற்கட்டும். முன்பணத்தில் பாதியைச் சேதத்துக்கென்று பிடித்துவைத்து, ஆட்கள் கிளம்பியபின் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வந்த அன்றே எல்லா அறையையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

வளவுவீட்டுப் பெண், கானாடுகாத்தான்:
அண்ணே, சுவரும் கல்லும் பத்திரமாக இருக்கின்றன. கோயமுத்தூரில் படிக்கிற என் மகளிடம், அந்தப் படத்தைப் பார்த்த தோழிகள், "உங்க வீட்ல நெஜமாவே ஆளுங்களக் கட்டிவச்சு அடிப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இதை எந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது?