மறுமொழி: மறுமொழி: இரண்டு அட்டையை ஒன்றாகக் கட்டினால் அதற்கு என்ன பெயர்?

உவர்மலை, செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம்.

வியாழன் பின்னேரம் 5 மணிக்குள் கையேடு அச்சகத்துக்குப் போகவேண்டும். சனிக்கிழமை வகுப்பு. பாடசாலைக் கணினிக்கூடங்களைப் பார்க்கிற 22 பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சங்கதி இதுதான். ஒரு கணினியில் இரண்டு வலையமைப்பு அட்டை. இரண்டையும் மென்பொருளால் ஒன்றாகக் கட்டி, ஒரே ஐ.பி. முகவரி கொடுத்து, வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே அட்டை மாதிரிக் காட்டுவது. ஒரு வயர் கழன்றாலும் மற்றதால் வேலை நடக்கும். ஆங்கிலத்தில் ரீமிங் (teaming) என்கிறார்கள்.

அத்தியாயம் எழுத வந்த காரணத்தையும் சொல்கிறேன். போன மாதம் ஒரு கூடத்தில் சேவையகமாக வைத்திருந்த கணினியின் பணிசெயல் முறைமையைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினேன். எழும்பி வரும்போது சோடியைக் காணவில்லை. கட்டி வைத்திருந்த மென்பொருளைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. தனித்தனியாக இரண்டு அட்டை, இரண்டிலும் மஞ்சள் முக்கோணம், இரண்டிலும் 169.254 என்று தொடங்குகிற, வேறு முகவரி கிடைக்காதபோது கணினி தானே போட்டுக்கொள்கிற முகவரி. நிலையான முகவரியைச் சோடிக்குத்தானே கொடுத்திருந்தேன், சோடியோடு அதுவும் போய்விட்டது. சரி என்று ஒரு அட்டைக்குக் கையால் முகவரி கொடுத்தேன். பிங் (மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கிற கட்டளை) அடித்தால் ஐந்தாம் கணினி பதில் தருகிறது, ஆறாம் கணினி தரவில்லை, ஏழு தருகிறது. அரை நாள் கணினிக்குள்ளேயே தேடினேன். பிழை ஆளியில், அதாவது கூடத்து வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டியில். அந்த இரண்டு துறையும் (வயர் செருகுகிற இடம்) இன்னும் சோடி என்றே ஆளி நம்பிக்கொண்டு, பாதிப் பொதிகளை (தரவுத் துண்டுகளை) மற்ற வயரில் அனுப்பியபடி இருந்தது. அந்த வயரைப் பிடுங்கினேன், எல்லாம் ஓடத் தொடங்கியது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சொல் வேண்டும். தயவுசெய்து நாளைக்குள்.

சென்னை, செவ்வாய் பின்னிரவு

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? டீம் என்றால் அணி. ஆகவே பிணைய அட்டை அணியாக்கம். அணி உறுப்பு, அணி கலைத்தல் என்று மற்றவையும் தாமாக வந்துவிடும். அப்படியே ஒரு வேண்டுகோள்: பணிசெயல் முறைமை என்பதை இயங்குதளம் என்று மாற்றிவிடுங்கள், உலகத் தமிழருக்கெல்லாம் புரியும்.

கிண்ணியா, புதன் காலை

தங்கச்சி, நான் பதினைஞ்சு வருசமா வயர் இழுக்கிறவன். ரீமிங் எண்டே போடுங்க. திரையில இங்கிலீசில அதுதான் கிடக்கு. பிள்ளை புத்தகத்தில ஒண்டைப் படிச்சிட்டு திரையில இன்னொண்டைத் தேடினா வேலை நடக்குமா? இயங்குதளம் எண்டு எழுதினா இஞ்ச ஒரு பிள்ளைக்கும் விளங்காது, சாதாரண தரப் புத்தகத்தில பணிசெயல் முறைமை எண்டுதான் படிச்சிட்டு வருதுகள். உலகத் தமிழர் சனிக்கிழமை வகுப்புக்கு வரப்போறதில்ல.

திருகோணமலை நகரம், புதன் காலை

பிள்ளைக்கும் அவையினருக்கும் வணக்கம்.

கிண்ணியாத் தம்பி சொல்வது நடைமுறை. ஆனால் ரகரம் மொழிக்கு முதலில் வராது. இராமன், இரயில் என்று எழுதுகிற முறைப்படி 'இரீமிங்' என்றல்லவா எழுதவேண்டும்? சென்னை அன்பர் டகரத்தைப் போடுகிறார், அதுவும் மொழிமுதல் ஆகாது. தொல்காப்பியர் வடசொல்லுக்கே 'வடவெழுத்து ஒரீஇ' (வட எழுத்தை நீக்கி) என்று நிபந்தனை வைத்துத்தான் உள்ளே விட்டார். (யாராவது 'பழையன கழிதலும்' என்று தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், அந்தச் சூத்திரத்தை நாற்பது ஆண்டு நானே படிப்பித்திருக்கிறேன்.)

இனி அணி. இச்சொல்லுக்கு வரிசை, படைவகுப்பு, ஆபரணம் என்று பல பொருள். தண்டியலங்காரம் முழுவதும் அணிதான். ஒன்றைக் கவனியுங்கள்: நம் பக்கத்தில் இரண்டைச் சேர்த்தால் சோடி, மணப்பெண்ணை அலங்கரித்தால் சோடிப்பு. அணியிலும் சேர்க்கையும் அலங்காரமும், சோடியிலும் சேர்க்கையும் அலங்காரமும். ஒழுங்காக அடுத்தடுத்து வைத்தலே அழகு என்ற எண்ணம் இரண்டு சொல்லுக்கும் அடியில் கிடக்கிறது போலும். இதைப்பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத எண்ணம். ஆனால் 'சோடித்த வழக்கு' என்றால் பொய் வழக்கு என்பதால் சோடிப்பு நமக்கு ஆகாது.

இலக்கணம் இவ்விடத்தில் உதவும். 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பது சூத்திரம். சலசல என்பதைப் பிரித்துச் 'சல' என்றால் பொருள் இல்லை. அடுக்குத்தொடர் அப்படியல்ல. 'பாம்பு பாம்பு' என்பதில் ஒரு பாம்பு போனாலும் மற்றப் பாம்பு நிற்கும். பிள்ளை சொல்லும் அட்டைகள் ஒன்று போனாலும் ஒன்று வேலை செய்வதால் அவை இரட்டைக்கிளவி அல்ல, அடுக்குத்தொடர். ஆதலின் 'அட்டை அடுக்கு' என்பது என் முன்மொழிவு.

பிற்குறிப்பு: தொழில்நுட்பம் அன்று, தொழினுட்பம்.

உவர்மலை, புதன் மத்தியானம்

சேர், இரட்டைக்கிளவி விளக்கத்தை அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன், இவ்வளவு தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அடுக்கு என்றால் பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று என்று நினைப்பார்கள். வலையமைப்பில் அடுக்கு என்று வேறொன்றை ஏற்கனவே படிப்பிக்கிறோம், ஏழு அடுக்கு மாதிரியை.

நிலாவெளி, புதன் பின்னேரம்

கரைவலையை ஒருவரும் நினைக்கவில்லையா? வலைக்கு இரண்டு பக்கமும் கயிறு. இந்தக் கயிற்றில் ஒரு கூட்டம், அந்தக் கயிற்றில் ஒரு கூட்டம், மண்டாடி (வலைக்குத் தலைவர்) குரல் கொடுக்க அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். கயிறு இரண்டு, வலை ஒன்று, மடி ஒன்று. வலையமைப்பு என்று எழுதுகிறோம், வலையிலேயே சொல் இருக்கிறது. 'இருகயிறு' என்று வைத்தால் திருகோணமலைப் பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. துறைக்கு விளக்கம் தேவைப்படாத மாதிரி.

கிண்ணியா, புதன் பின்னேரம்

டீச்சர், ஒரு பக்கக் கயிறு அறுந்தா என்ன நடக்கும்? மற்றப் பக்கம் இழுக்க இழுக்க வலை கோணி, மீன் முழுக்க வெளியால போயிரும். எங்கட வாப்பாட வலையில ரெண்டு தரம் பார்த்தனான். இது நேரெதிர் வேலை.

(தங்கச்சிக்கு நடந்த ஆளிப் பிரச்சினைக்கு மட்டும் இந்த உதாரணம் நல்லாப் பொருந்தும். ஒரு பக்கம் விட்டிட்டுது, மற்றப் பக்கத்துக்குத் தெரியாம இழுத்துக்கொண்டு இருக்கு.)

கொழும்பு, சொந்த ஊர் மூதூர், புதன் இரவு

வேலை முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரு பெயர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் இதே வேலைக்குப் பொண்டிங் என்று பெயர், 0 முதல் 6 வரை ஏழு முறை இருக்கின்றன. சிஸ்கோ ஆளிகளில் ஈதர்சானல். ஐஇஇஇ என்ற பொறியியலாளர் சங்கத்தின் நியமத்தில் லிங்க் அக்ரிகேசன், 2000ஆம் ஆண்டு 802.3ஏடி என்று வந்து 2008இல் 802.1ஏஎக்ஸ் என்று இடம் மாறியது. விண்டோஸ் சேர்வரில் 2012 பதிப்பிலிருந்து ரீமிங் உள்ளேயே வருகிறது. அவர்களே நாலு பெயரோடு குடும்பம் நடத்துகிறார்கள், நாம் ஒன்றுக்கு அடிபடுகிறோம்.

சொல்லைத் தேர்வதற்குமுன் இரண்டு விசயத்தைப் பாருங்கள். ஒன்று, எப்போதும் இரண்டு அட்டையும் சேர்ந்து இழுப்பதில்லை. லினக்ஸின் 1ஆம் முறையில் ஒன்று வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும், முதலாவது விழுந்தால்தான் எழும்பும். இரண்டு, சேர்ந்து வேலை செய்யும் முறைகளிலும் பெரும்பாலும் ஒரு கோப்பின் பொதிகள் ஒரே வயரில்தான் போகும். இரண்டு 1 கிகாபிட் அட்டையைக் கட்டினால் திரையில் 2 கிகாபிட் என்று காட்டும், ஒரு கோப்பைப் பிரதி செய்து பார்த்தால் 1 கிகாபிட்டைத் தாண்டாது. பத்துப் பேர் பத்துக் கோப்பு எடுக்கும்போதுதான் பலன். 'வேக' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் வைத்துவிடாதீர்கள், பிள்ளைகள் ஏமாறுவார்கள்.

ஆளியில் கையால் கட்டிய சோடியை விட, இரண்டு பக்கமும் பேசி உறுதி செய்துகொள்ளும் எல்.ஏ.சி.பி. முறையை வைத்திருந்தால், கணினி பதில் சொல்லாததை ஆளி கவனித்திருக்கும். அத்தியாயத்தில் இதற்கு ஒரு வரி சேருங்கள் தங்கச்சி.

தம்பலகாமம், புதன் நள்ளிரவு

தம்பி சொன்ன பிறகு எனக்கு இது இன்னும் உறுதியாகிவிட்டது. சொல் களவெட்டியில் (நெற்களத்தில்) இருக்கிறது.

சூடு மிதிக்க, அதாவது கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்க, நாலைந்து மாட்டைக் கழுத்தோடு கழுத்தாக ஒரே வரிசையில் பிணைத்து வளைய வளைய நடத்துவார்கள். அதற்குப் பிணையல் என்று பெயர். உழவு இயந்திரம் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் என் பெரியப்பாவின் வயலில் பிணையலுக்குப் பின்னால் தடியோடு நடந்தவன். உள்மாடு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றும், வெளிமாடு ஓடவேண்டும். ஒரு மாடு நொண்டினால் அவிழ்த்து நிழலில் விட்டுவிட்டு மற்றதுகளை நடத்துவோம். சூடு நிற்காது. ஆங்கிலத்தில் ரீம் என்ற சொல்லும் பழங்காலத்திலிருந்தே வண்டியிலும் ஏரிலும் பூட்டிய விலங்குகளுக்கு வழங்கியது. வேறென்ன வேண்டும்? பிணையல், பிணையலட்டை, பிணை, பிணையல் அவிழ். நாலு சொல்லும் தயார்.

களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும், பூதம் கேட்டுவிடும் என்று பெரியப்பா அடிப்பார். புதுச்சொல் படைக்கிறது எங்களுக்குப் புதிதில்லை.

சென்னை, வியாழன் காலை

பிணையல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இங்கே நெட்வொர்க்கையே பிணையம் என்கிறோம். பிணைய அட்டைப் பிணையல் என்று எழுதினால் நாக்கு பிணைந்துவிடும்.

கொழும்பு, வியாழன் காலை

அதோடு இங்கே பிணை என்றால் நீதிமன்றம். 'அட்டையைப் பிணையில் எடுத்தல்' என்று ஒருவன் பரீட்சையில் எழுதுவான், பாருங்கள். சும்மா இருக்கும் அட்டையை அண்ணை மறந்துவிட்டார், படுத்திருக்கிற மாடு பிணையலில் இல்லையே.

திருகோணமலை நகரம், வியாழன் காலை

பிணா, பிணை, பிணையல், பின்னல், பின்னகம் ஆகியவற்றின் வேர் குறித்து ஒரு நீண்ட குறிப்பை இணைத்துள்ளேன். பெண்மானைப் 'பிணை' என்பது கலைமானோடு இணைந்து திரிவதாலா, அன்றி வேறு வேரா என்பதே முடிச்சு.

நிலாவெளி, வியாழன் முற்பகல்

சேர், தொல்காப்பிய உரியியலில் நீங்கள் எங்களுக்குப் படிப்பித்தது: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.' சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது. மானை விட்டுவிடுவோம்.

நான் கயிற்றை விட்டுவிட்டேன். பிள்ளைக்கு ஒரு சொல் போதாது, கட்டுவதற்கு, கட்டியதற்கு, அதில் உள்ள ஒவ்வோர் அட்டைக்கும், கலைப்பதற்கு என்று ஒரு குடும்பமே வேண்டும். கூட்டிணை, கூட்டிணைப்பு, கூட்டுறுப்பு, கூட்டுப் பிரி. மாடும் இல்லை, மானும் இல்லை, ஒருவருக்கும் அகராதி தேவையில்லை. கூட்டமைப்பு என்று மட்டும் போடாதீர்கள், தேர்தல் பாடம் என்று நினைப்பார்கள்.

கிண்ணியா, வியாழன் முற்பகல்

கூட்டிணைப்புக்கு ஓம். ஆனா பக்கத்தில ரீமிங் எண்டும் ஒருக்கா எழுதோணும்.

கொழும்பு, வியாழன் மத்தியானம்

கூட்டிணைப்பு. உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, அதனால்தான் ஓடும் என்று நினைக்கிறேன். அட்டை என்ற சொல்லையும் ஒருநாள் பேசவேண்டும். என் மச்சான் கடலட்டை வியாபாரம் செய்கிறவர். அட்டை இரண்டைச் சேர்க்கிற வகுப்பு என்று கேட்டுவிட்டுத் தானும் வரட்டோ என்கிறார்.

சென்னை, வியாழன் மத்தியானம்

அணியாக்கம் என்பதே என் நிலைப்பாடு. பதிவுக்காக.

உவர்மலை, வியாழன் 4.10

எண்ணிப் பார்த்தேன். கூட்டிணைப்பு நாலு பேர், என்னோடு சேர்த்து ஐந்து (ஒருவர் தனிமடலில் சொன்னார்). அணியாக்கம் ஒன்று, பிணையல் ஒன்று. சேர் எதற்கும் ஓம் சொல்லவில்லை. கூட்டிணைப்பு என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ரீமிங் எனத் திரையில் வருவது' என்று சேர்த்திருக்கிறேன். எல்.ஏ.சி.பி. வரியும் ஏறிவிட்டது. அச்சகத்துத் தம்பி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே நிற்கிறார். எல்லாருக்கும் நன்றி.

தம்பலகாமம், வியாழன் 4.50

ஐந்து பேர் சொன்னால் சரி. ஆனால் கூட்டிணைப்பு என்பதில் கூட்டும் இணைப்பும் ஒரே பொருள்தானே, ஒரே மாட்டை இரண்டு தரம் கட்டுகிற மாதிரி. என் கடையில் பழுது பார்க்க வருகிறவர்களுக்கு நான் பிணையல் என்றே சொல்லப்போகிறேன். நேற்று ஒரு பொடியனுக்குச் சொன்னேன், அவனுக்கு விளங்கியது. அவன் தாத்தாவும் தம்பலகாமத்து ஆள்தான், அது வேறு கதை.

திருகோணமலை நகரம், வியாழன் 5.25

மீமிசைச் சொற்கள் தமிழில் உண்டு, 'உயர்ந்தோங்கிய' என்பதில் உயர்வும் ஓங்கலும் ஒரு பொருளே, ஆதலால் தம்பலகாமத்துத் தம்பியின் தடை நிற்காது. எனினும் என் மனம் அடுக்கிலேயே இருக்கிறது. இன்னொன்று. பிள்ளை அனுப்பிய முகப்பட்டையில் இன்னும் 'தொழில்நுட்பம்' என்றே கிடக்கிறது.

உவர்மலை, வியாழன் 5.40

சேர், அது போய்விட்டது. 60 பிரதி.