கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பழைய ஆங்கிலப் பொப், றொக்: சத்தமும் நேரமும் ஒத்துவருகுதில்லை

கொக்குவில்_அலை கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து ஒலிக்கிற ஒரு சின்ன இணைய வானொலிக்கு, ஞாயிறு இரவு 8 தொடக்கம் 9 மணி வரை, 1955 இலிருந்து 1979 வரையான ஆங்கிலப் பொப், றொக் பாட்டுகளோட ஒரு வாராந்த நிகழ்ச்சி. அறிவிப்பு முழுக்கத் தமிழில. கையில கிடக்கிறது 60 கசெட் வரை, நிமிடத்துக்கு 45 தரம் சுத்துற கொஞ்ச இசைத்தட்டு, கொஞ்ச சீடி, மிச்சமெல்லாம் எம்பி3.

ஒத்திகையில பிடிபட்ட சிக்கல்கள்: ஒரு பாட்டு மெல்லமாக் கேக்குது, அடுத்தது காதைப் பிளக்குது. பீட்டில்ஸின்ர தொடக்க காலப் பாட்டுகளில ஒரு பக்கம் குரல் மட்டும், மற்றப் பக்கம் வாத்தியம் மட்டும். 9 மணிக்குக் கடைசிப் பாட்டை நடுவில வெட்ட வேண்டி வருது. இதுகளை என்ன மாதிரிச் சரிப்பண்ணுறது? ஒலிபரப்பு உரிமை விசயத்திலயும் என்ன கவனிக்கோணும்?

நிகழ்ச்சி_நேரம் எழுதினது:

தம்பி, நேரத்தை முதல் பிடிப்பம். 60 நிமிடத்தில விளம்பரத்துக்கு 4, நிலைய அடையாள இசைக்கு 2 கழிச்சால் 54. இந்தக் காலத்துப் பாட்டுகளை 2 நிமிடம் 50 விநாடி எண்டு சராசரி பிடிச்சு 15 பாட்டு வைச்சால் 42 நிமிடம் 30 விநாடி. பாட்டுகளை ரெண்டு ரெண்டாச் சேர்த்துப் போட்டு இடையில 7 தரம் ஒவ்வொரு நிமிடம் கதையுங்கோ. தொடக்கத்துக்கு 1, முடிவுக்கு 1. மொத்தப் பேச்சு 9 நிமிடம். மிஞ்சுற இரண்டரை நிமிடம்தான் உங்கட கையிருப்பு, அதைத் திட்டம் போடேக்க தொடாதேங்கோ.

சராசரி காலத்துக்குக் காலம் மாறும். 50களின் கடைசியில வந்த பாட்டுகள் கனக்க இரண்டேகால் நிமிடத்தில முடிஞ்சிடும், 70களில நாலு நிமிடம் சர்வசாதாரணம். 1968 இல் வந்த ஹே ஜூட் 7 நிமிடத்துக்கும் மேல, அதைப் போடுறதெண்டால் வேற ரெண்டு பாட்டைத் தூக்கோணும். இசைத்தட்டு லேபலில அச்சடிச்ச நேரத்தையும் நம்பாதேங்கோ. 1964 இல் றைச்சஸ் பிறதர்ஸ் பாடின யூ'வ் லொஸ்ற் தற் லவிங் ஃபீலிங் தட்டில 3:05 எண்டு போட்டிருக்கும், ஓடுறது 3:45. நீளமான பாட்டெண்டால் வானொலிக்காரர் போடமாட்டினம் எண்டு தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்ரர் வேணுமெண்டே குறைச்சுப் போட்டது. ஒவ்வொரு ஃபைலையும் ஓடவிட்டு உண்மை நேரத்தை நீங்களே எழுதி வையுங்கோ.

கடைசிப் பாட்டை வெட்டாமல் இருக்க வழி: முடிவுக்குக் குரல் இல்லாத ஒரு வாத்திய இசை வைச்சுக்கொள்ளுங்கோ. அது 2:40 நீளம், நிகழ்ச்சி 8:59:30 க்கு முடியோணும் எண்டால், சரியா 8:56:50 க்கு சத்தம் பூச்சியத்தில இருக்க அதை ஓடவிடுங்கோ. கடைசிப் பாட்டு எப்ப முடிஞ்சாலும் அந்த இசையை மெல்ல மேல கொண்டுவந்து அதுக்கு மேல விடைபெறலாம். இசை தன்ர இயல்பான முடிவில முடியும். கேக்கிற ஆளுக்கு நீங்கள் அவசரப்பட்டதே தெரியாது.

தட்டும்_ஊசியும் எழுதினது:

சத்தம் ஏறி இறங்குறதுக்குக் காரணம் பாட்டில்லை, பதிப்பு. 80களில வந்த சீடியில இருக்கிற பாட்டும், 2000க்குப் பிறகு மீள்மெருகூட்டி வந்த அதே பாட்டும் 10 டெசிபெல் வரை வித்தியாசப்படும். உச்சத்தை மட்டும் பார்த்துச் சமப்படுத்துறது உதவாது. ரெண்டுக்கும் உச்சம் ஒண்டாத்தான் இருக்கும், காதுக்குக் கேக்கிற சராசரிதான் வேற. ஓடாசிற்றி எண்ட ஒலி திருத்துற மென்பொருளில உரப்பைச் சமப்படுத்துற விளைவு ஒண்டு இருக்கு. எல்லாப் பாட்டையும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்கிற சராசரி உரப்பின்ர அலகு) அளவுக்குக் கொண்டுவாங்கோ, உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கோ. மெல்லமான ஃபைலைத் தூக்கி எடுக்கக் கொம்பிறெசர் (சத்தத்தின்ர ஏற்ற இறக்கத்தை நசுக்கிறது) போடவேண்டாம். நிலையத்துச் சேவரில ஏற்கெனவே ஒண்டு ஓடும், ரெண்டு தரம் நசுக்கினால் சிம்பல் சத்தம் சலசலக்கும், பாட்டுகளுக்கு இடையில இரைச்சல் மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்கும்.

ஒரு பக்கம் குரல், ஒரு பக்கம் வாத்தியம் எண்டது பழுதில்லை. பீட்டில்ஸ் 1963 இல் பதிஞ்சது இரண்டு தட ரேப்பில. மோனோவா, அதாவது ஒரே தடமாக் கலக்கேக்க ரெண்டையும் வசதியாச் சமன்செய்யிறதுக்குத்தான் அப்படிப் பிரிச்சுப் பதிஞ்சது. அதை அப்படியே இடம் வலமாத் திறந்து விட்டதுதான் அந்த ஸ்ரீரியோ. அந்த நேரம் கவனமெடுத்துக் கலந்ததே மோனோதான். ஆனபடியால் 1967 வரையான அவையின்ர பாட்டுகளுக்கு மோனோப் பதிப்பைத் தேடிப் போடுங்கோ, 2009 இல் மோனோ சீடித் தொகுதியாவே வந்தது. கிடைக்காட்டி ரெண்டு பக்கத்தையும் மூண்டில ஒரு பங்கு அகலத்துக்கு நடுவுக்குக் கொண்டுவாங்கோ. ஒற்றைக் காதில இயர்ஃபோன் போட்டுக் கேக்கிறவைக்கும், ஒரு ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யிற ஓட்டோக்காரருக்கும் அப்பதான் முழுப் பாட்டும் கேக்கும்.

போலி ஸ்ரீரியோவிலயும் கவனம். 60களில கப்பிற்றல் கொம்பனி மோனோப் பதிவை எடுத்து, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் பிந்தவிட்டு, ஒரு பக்கம் அடித்தொனியையும் மற்றப் பக்கம் மேல்தொனியையும் குறைச்சு டுவோஃபோனிக் எண்டு வித்தது. அதைத் திரும்ப மோனோவாச் சேர்த்தால் தகரப் பேணிக்குள்ளால கேக்கிற மாதிரி இருக்கும். இதுக்கு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தாலும் தொனி குறையும், சரியான மோனோப் பதிவைத் தேடுறதுதான் மருந்து.

இன்னொண்டு. மலிவான தொகுப்பு சீடிகளில இருக்கிற 50, 60களின் வெற்றிப் பாட்டுகள் கனக்க, அதே பாடகர் பிற்காலத்தில திரும்பப் பாடினது. உறையில "அசல் கலைஞர்கள்" எண்டு போட்டிருக்கும், "அசல் பதிவு" எண்டு இராது. ட்ரம்ஸ் சத்தம் புதுசாவும் எதிரொலியோடயும் இருக்கும், நேரம் சில விநாடி வித்தியாசப்படும், பதிப்புரிமை ஆண்டு பாட்டு வந்த ஆண்டோட பொருந்தாது. பழைய பாட்டு நிகழ்ச்சிக்கு உயிரே அந்த அசல் பதிவுதான். அந்தப் பாட்டோட வளர்ந்த ஆள் முதல் நாலு விநாடியிலயே பிடிச்சிடுவார்.

கொக்குவில்_அலை:

நன்றி அண்ணை. மோனோப் பதிப்பு தேடுறன். கசெட்டில இருந்து எடுத்தது எல்லாம் போர்வைக்குள்ளால கேக்கிற மாதிரி இருக்கு. ஈக்குவலைசரில மேல்தொனியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுது.

ரேப்_வைத்தியம் எழுதினது:

ஈக்குவலைசரைத் தொடாதேங்கோ, இழந்த தொனி அதில திரும்பாது. முதல் ஹெட்டை, அதாவது ரேப்பை வாசிக்கிற பகுதியைத் துடையுங்கோ. 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுறோப்பைல் அல்ககோல், பஞ்சுக் குச்சி. பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். றப்பர் உருளைக்கு அல்ககோல் பூசினால் காய்ஞ்சு வெடிக்கும், மெல்லிய சோப்புத் தண்ணி போதும்.

பிறகு அசிமத், அதாவது ரேப்புக்கு ஹெட் நிக்கிற கோணம். அதைச் சரிசெய்ய ஹெட்டுக்குப் பக்கத்தில ஸ்பிறிங்கோட இருக்கிற சின்னத் திருகாணியைச் சொல்லுறன். வெளிவாற சத்தத்தை மோனோவாக்கி ஹெட்ஃபோனில கேட்டுக்கொண்டு, அதை கால்சுற்றுக்கும் குறைவா அங்கால இஞ்சால திருப்புங்கோ. 'ஸ்' ஒலியும் சிம்பலும் எங்க ஆகக் கூர்மையாக் கேக்குதோ அங்க நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு கசெட்டும் வேற வேற மெசினில பதிஞ்சதால ஒவ்வொண்டுக்கும் இதைச் செய்யத்தான் வேணும். டொல்பி பி (இரைச்சல் குறைக்கிற முறை) போட்டுப் பதியாத ரேப்பை டொல்பி போட்டு ஓட்டினாலும் இப்பிடித்தான் மங்கும், அந்தச் சுவிச்சையும் பாருங்கோ.

எடுக்க முன்னம் ரேப்பை ஒருக்கா முழுக்க முன்னுக்கு ஓட்டித் திரும்பச் சுத்துங்கோ, ஒட்டிக் கிடக்கிற சுற்றுகள் விடுபடும். எங்கட காலநிலைக்கு விளிம்பில வெள்ளைப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும். அதை அப்பிடியே போட்டால் ஹெட்டில ஒட்டி மற்ற ரேப்புக்கும் பரவும். பதியேக்க 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லுக்கு மேல போகாமல். பெல்ற் தளர்ந்திருந்தால் பாட்டு சுதி இறங்கிக் கேக்கும். பெல்ற்றை மாத்துறதுதான் சரி, மாத்த முடியாட்டி ஓடாசிற்றியில சுதியை மட்டும் இல்லை, வேகத்தையே மாத்துங்கோ.

நல்லூர்_குரல் எழுதினது:

அறிவிப்புப் பக்கம் ரெண்டு சொல். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வாய் திறக்க முன்னம் எத்தினை விநாடி இருக்கெண்டு பட்டியலில எழுதுங்கோ. 12 விநாடி எண்டால் உங்கட வசனம் 10 இல் முடியோணும். ஆனால் கிற்றார் தொடக்கத்துக்கே பேர்போன பாட்டுகளுக்கு மேல கதைக்கவே கூடாது. பாட்டு முடிஞ்ச பிறகு பேரைத் திரும்பச் சொல்லுங்கோ, இடையில வந்து சேர்ந்தவை அதுக்குத்தான் காத்திருப்பினம்.

விக்கிப்பீடியாவில கிடக்கிற விருதுக் கணக்கெல்லாம் எங்கட ஆக்களுக்கு ஒட்டாது. பாடகர் எங்கெல்பேட் ஹம்பர்டிங்க் 1936 இல் பிறந்தது மதராஸில. கிளிஃப் றிச்சர்ட் 1940 இல் லக்னோவில. இதில ஒண்டைச் சொல்லிப் பாட்டைத் தொடங்குங்கோ, வீட்டில எல்லாரும் காது குடுப்பினம். மாதத்தில ஒருக்கா கடைசிப் பாட்டா எங்கட தமிழ்ப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தையோ ஏ.ஈ. மனோகரனையோ போட்டால் நல்லாப் பொருந்தும். அதே கிற்றார் எங்கட மண்ணில என்ன செய்தது எண்டு ஒரு வரியில காட்டலாம்.

உரிமை: பழசெண்டதால இலவசமில்லை. எங்கட 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டப்படி, பாட்டை எழுதினவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கும். 1959 இல் இறந்த அமெரிக்கப் பாடகர் படி ஹொலி (Buddy Holly) தனிய எழுதின பாட்டுக்கே 2029 முடியோணும். பதிவின் உரிமை அதிலிருந்து வேற. நிலையத்திட்ட என்ன அனுமதி இருக்கெண்டு எழுத்தில கேளுங்கோ. நேரலைக்கு எடுத்த அனுமதி, நிகழ்ச்சியைப் பிறகு கேக்கிறதுக்கு ஏத்தி வைக்கிறதையும் உள்ளடக்கும் எண்டு நினைச்சிடாதேங்கோ. யூரியூப்பில முழுப் பாட்டோட போட்டால் தானாவே பிடிபடும். மிக்ஸ்கிளவுட் எண்ட இணையத்தளம் இப்பிடியான நிகழ்ச்சிகளுக்கெண்டே உரிமையாளரோட ஒப்பந்தம் வைச்சிருக்கு, அதின்ர விதியை வாசிச்சு அங்க ஏத்துங்கோ.

தட்டும்_ஊசியும்:

மேல எழுத விட்டது ஒண்டு. மோனோ ஃபைலை அளக்கேக்க ஓடாசிற்றியில மோனோவை இரட்டை மோனோவாக் கணக்கெடுக்கிற பெட்டியில சரி போட்டிருக்கோணும். இல்லாட்டி மோனோப் பாட்டுகள் எல்லாம் ஸ்ரீரியோவை விட 3 டெசிபெல் கூடின சத்தத்தோட வரும், நீங்கள் திரும்பவும் தொடங்கின இடத்திலதான் நிப்பீங்கள்.