ஐவரியா, சந்தனமா? முதலில் தரையைப் பாருங்கள்

கூடத்துச் சுவருக்கு ஐவரி நிறம் அடிப்பதா, இளஞ்சந்தன நிறம் அடிப்பதா என்று கேட்டிருந்த சகோதரிக்கு இதை எழுதுகிறேன். போன தை மாதம் எனக்கும் இதே குழப்பம்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. மாமனார் காலத்துக் கட்டிடம். கூடம் முழுக்கச் சிவப்பு ஆக்சைடு தரை. வண்ண அட்டையில் இரண்டுக்கும் நூலிழைதான் வித்தியாசம். ஐவரி, மஞ்சள் தொட்ட வெள்ளை. சந்தனத்தில் ஒரு துளி பழுப்பும் உண்டு. புதுச்சேரி கடற்கரைத் தெருக்களில் வெள்ளைக் கரை கட்டிய மஞ்சள் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மனம் சந்தனத்தையே கேட்டது.

"அவசரப்படாதீர்கள் அம்மா" என்றார் பெயிண்டர். பட்டி பார்த்து பிரைமர் அடித்திருந்த சுவரில், தரையை ஒட்டியே, இரண்டு நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு கோட் அடித்தார். எமல்ஷன் பெயிண்ட் காய்ந்தால் சற்று அடர்ந்துவிடும், நாளைக்குப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணி. முற்றத்து வெயில் தரையில் விழுந்தது. சந்தனம் அடித்த இடத்தில் முழங்கால் உயரம்வரை செங்கல் நிறம் ஏறி நின்றது. அதற்கு மேலே மங்கிய பழுப்பு. பக்கத்திலிருந்த ஐவரியோ அந்தச் சிவப்பை அளவாக வாங்கிக்கொண்டு, நான் ஆசைப்பட்ட அதே சந்தனமாகத் தெரிந்தது! அத்தை உள்ளே போய் மாமாவின் வெள்ளை வேட்டியை எடுத்து வந்து தரையில் விரித்தார். சுவரிலிருந்த சிவப்பு சட்டென்று இறங்கியது. வேட்டியை எடுத்ததும் திரும்பவும் ஏறியது. வெளிச்சம் தரையின் நிறத்தையும் கூட்டிக்கொண்டுதான் சுவருக்குப் போகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கூடத்துக்கு ஐவரியே அடித்தோம். படுக்கையறையில் வெள்ளை டைல்ஸ்; அங்கே ஐவரி பகலில் வெறும் வெள்ளையாக வெளுத்துத் தெரிந்ததால் சந்தனம் அடித்தோம். அழகாக அமைந்துவிட்டது.

இரவு வெளிச்சத்தையும் மறக்காதீர்கள். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் ஐவரி உயிரற்றுப் போனது. மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு மாட்டிய பிறகே இதம் திரும்பியது.

உங்கள் கூடத்தில் என்ன தரை, ஜன்னல் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வடக்குப் பக்கம் என்றால் வெயிலே வராது என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் வைகாசி, ஆனி மாதங்களில் நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது.