அட்டைல நல்லாருக்கு, கையில அடிச்சா வேற மாதிரி ஆயிடுது, சென்ட் எப்படித்தான் பாத்து வாங்கறது?

டிகிரிகாபி (கும்பகோணம்):
எல்லாருக்கும் வணக்கம். ஆவணில நாத்தனார் கல்யாணம் வருது, இத்தனை நாள் பாடி ஸ்ப்ரேலயே ஓட்டியாச்சு, இந்த தடவை உருப்படியா ஒரு சென்ட் வாங்குவோம்னு தஞ்சாவூர்ல ஒரு பெரிய கடைக்கு போயிருந்தேன். அங்க இருந்த பொண்ணு அட்டைல அடிச்சு நீட்டுச்சு, அப்படியே நாரத்தை இலை வாசனை, சொக்கிப் போயிட்டேன். விலை நாலாயிரத்து சொச்சம்னதும் கை பின்னால போயிடுச்சு, சரின்னு மணிக்கட்டுல ஒரு அடி அடிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அய்யம்பேட்டை தாண்டல அதுக்குள்ள நாரத்தைய காணோம். பாபநாசம் வரும்போது ஏதோ பூ வாசனை, அது பரவால்ல. வீட்டுக்கு வந்து மோந்தா வெறும் மரக்கட்டையும் மிளகு நெடியும்தான். அதுவும் கொஞ்ச நேரத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல, ஆனா அத்தை மட்டும் "என்னம்மா இது கூடம் பூரா வீசுது"ங்கறாங்க. என் தோல்ல ஏதாவது கோளாறா இல்ல டெஸ்டர் பாட்டிலே டூப்ளிகேட்டா? நம்ம ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் இதை எப்படித்தான் சோதிச்சு வாங்கறது? இன்னொண்ணு, எனக்கு வேர்க்குரு வர்ற உடம்பு, அலர்ஜி ஆகுமோன்னும் பயமா இருக்கு.

வெண்ணாத்தங்கரை:
நாலாயிரமா!! ரெண்டு முழம் மல்லி, காதுக்குப் பின்னாடி துளி ஜவ்வாது, முடிஞ்சது ஜோலி. மிச்ச காசுக்கு நாத்தனாருக்கு ஏதாவது எடுத்துக் குடுங்க, காலத்துக்கும் பேர் சொல்லுவாங்க.

அதிரை காக்கா:
தங்கச்சி, டூப்ளிகேட்டும் இல்ல உங்க தோல்ல கோளாறும் இல்ல. நான் துபாய் தேராவுல அத்தர் கடைல ரொம்ப வருஷம் நின்னவன், அதனால சொல்றேன். நீங்க பஸ்ல பாத்தீங்களே அதுதான் அந்த சென்ட்டோட முழுக்கதை. எலுமிச்சை நாரத்தை மாதிரி வாசனை எல்லாம் லேசான சரக்கு, முதல்ல பறந்துடும், அதை டாப் நோட்னு சொல்லுவோம், அதிகபட்சம் அரைமணி நேரம். அப்புறம் நடுவுல பூ வகை, கடைசில தங்கறது மரம், பிசின், மஸ்க்னு சொல்ற கஸ்தூரி வாசனை, வெட்டிவேர் இந்த மாதிரி கனமான சரக்கு. அய்யம்பேட்டைல போனது டாப், பாபநாசத்துல வந்தது நடு, கும்பகோணத்துல மிஞ்சினது அடி. கடைக்காரன் விக்கிறது அய்யம்பேட்டை வரைக்கும் உள்ள வாசனைய, ஆனா கல்யாண மண்டபத்துல நீங்க அஞ்சு ஆறு மணி நேரம் போட்டுக்கிட்டு நிக்கப் போறது கும்பகோணத்து வாசனைய. அது பிடிக்கலன்னா வாங்காதீங்க, அவ்வளவுதான் விஷயம்.

அட்டை ஏன் ஏமாத்துதுன்னா கடைல ஏசி 23, 24ல ஓடும், அட்டையும் அதே சூடுதான், ஆனா நம்ம மணிக்கட்டுத் தோல் 33 டிகிரி பக்கம் இருக்கும், அதுலயே வேகமா ஆவியாகும், அதுக்கு மேல நம்ம சித்திரை வெயில் வேற. அட்டைல எண்ணெய்ப்பசையும் கிடையாது வேர்வையும் கிடையாது. வறண்ட தோல்ல வாசனை சீக்கிரம் போயிடும், எண்ணெய்ப்பசை உள்ள தோல்ல கொஞ்சம் நிக்கும். கதம்பத்துல கட்டுற மரிக்கொழுந்து இருக்கே, அதோட எண்ணெய் ஆளுக்கு ஆள் தோல்ல வேற வேற மாதிரி வீசும்னு வாசனைத் தொழில்ல இருக்கறவங்க சொல்லுவாங்க. அதனால அட்டை எதுக்குன்னா பத்துல எட்டை கழிச்சுக் கட்டத்தான். மிஞ்சற ரெண்ட கைக்கு ஒண்ணா அடிச்சுக்கிட்டு கடைய விட்டு வெளில வந்துடணும், அன்னைக்கு வாங்கவே கூடாது.

இன்னொரு விஷயம், சோதிக்கிற அன்னைக்கு சந்தன சோப்பு போட்டுக் குளிக்காதீங்க, கையில தேங்கா எண்ணெய் வேணாம், தலைல பூவும் வேணாம். மல்லி வெச்சுக்கிட்டு சென்ட் மோந்து பாக்கறது நாதஸ்வரம் வாசிக்கிற இடத்துல போன் பேசற கதைதான். ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பூ வெச்சுக்கிட்டும் பாருங்க, ஏன்னா கல்யாணத்தன்னைக்கு எப்படியும் வெப்பீங்க, ரெண்டும் சண்டை போடக் கூடாது பாருங்க.

உங்களுக்குத் தெரியாம அத்தைக்குத் தெரியறது சகஜம். ஒரே வாசனை விடாம வந்தா மூக்கு அதைக் கண்டுக்காம விட்டுடும். போதாததுக்கு செயற்கை மஸ்க்ல சிலது சில பேர் மூக்குக்குப் பிடிபடவே படாது. அதனால வாசனை போயிடுச்சுன்னு நெனச்சு மேல மேல அடிக்காதீங்க, அத்தையவே கேளுங்க, காசு வாங்காத டெஸ்டர் மெஷின் அவங்க.

குடமுருட்டி:
காக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ரெண்டு சேத்துக்கறேன். அடிச்ச உடனே ரெண்டு மணிக்கட்டையும் போட்டு தேய்க்கக் கூடாது, வாசனை உடைஞ்சு போயிடும். அப்புறம் ஒண்ணு மோந்துட்டு இன்னொண்ணு பாக்கறப்ப நடுவுல காபிக்கொட்டை மோந்தா மூக்கு கிளீன் ஆயிடும், பெரிய கடைல எல்லாம் கிண்ணத்துல வெச்சிருப்பான்.

அதிரை காக்கா:
தம்பி, தேய்க்கறதால ஒண்ணும் உடையாது, சூடு ஏறி டாப் நோட் இன்னும் வேகமா பறக்கும், அவ்வளவுதான். தேய்க்காம விடறதே நல்லதுங்கறது மட்டும் சரி. காபிக்கொட்டைய 2011லயே ஒரு ஆராய்ச்சில பாத்துட்டாங்க, காபிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காத்து மூணையும் வெச்சு, ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் வந்துச்சு. வாசல்ல வந்து நின்னு ரெண்டு மூச்சு இழுத்தா போதும். கும்பகோணத்துக்காரங்ககிட்ட காபிய கொறை சொல்றேன்னு கோவிக்கக் கூடாது.

மாயவரத்துக்காரி:
அலர்ஜி பத்தி யாருமே சொல்லல. அக்கா, அடிச்ச உடனே அரிக்கலன்னா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க. ஆல்கஹால் எரிச்சல்தான் உடனே தெரியும், நிஜமான அலர்ஜி ரெண்டு மூணு நாள் கழிச்சு சாவகாசமா வரும். சாம்பிள் வாங்கி முழங்கை மடிப்புகிட்ட கொஞ்சமா, காலை சாயங்காலம் ரெண்டு வேளை, ஒரு வாரம் அதே இடத்துல போட்டுப் பாருங்க, செவந்தாலோ தடிச்சாலோ நிறுத்திட்டு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. வேர்க்குரு இருக்கற இடம், ஷேவ் இல்ல வேக்ஸ் பண்ண இடம், அங்கெல்லாம் அடிக்கவே கூடாது.

நாரத்தை எலுமிச்சை வகைல பெர்கமாட்னு ஒரு எண்ணெய் வரும், அதுல பெர்காப்டென்னு ஒரு பொருள், வெயில் பட்டா தோல்ல பழுப்பா தீத்தல் மாதிரி விழுந்துடும். இப்ப வர்ற கம்பெனி சென்ட்ல பெரும்பாலும் அதை எடுத்துட்டுத்தான் போடறாங்க, ஆனா இயற்கை எண்ணெய்னு சொல்லி லூஸ்ல விக்கறதுல யார் கண்டா. கழுத்துல அடிச்சுக்கிட்டு மத்தியான வெயில்ல நிக்காதீங்க. பழைய பாட்டில் இன்னும் மோசம். லினலூல், லிமோனீன்னு வாசனைப் பொருள் பேரு டப்பால போட்டிருக்குமே, அதெல்லாம் காத்து பட்டு நாளானாத்தான் அலர்ஜி கெளப்பும், அதனால அரை பாட்டிலா பீரோல வருஷக்கணக்குல கெடக்கறத எடுத்துப் போடாதீங்க. எங்க வீட்ல சித்தப்பா சவுதில இருந்து கொண்டு வந்தத இன்னும் பொக்கிஷம் மாதிரி பூட்டி வெச்சிருக்காங்க, யாராவது செத்தாதான் தொறப்பாங்க போல.

டிகிரிகாபி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காக்கா, அப்ப அந்த நாலாயிரத்த விட்டுடறேன், அடி வாசனை எனக்கு ஒத்து வரல. அத்தர் பக்கம் போகலாமா? நாகூர் போற வேலை இருக்கு, தர்கா பக்கம் கடை நெறைய இருக்குமே. பட்டுப்புடவை மேல அடிச்சா கறை ஆகுமா?

அதிரை காக்கா:
தாராளமா போங்க. அத்தர்ல ஆல்கஹால் கிடையாது, அதனால மெதுவாத்தான் வீசும், தோலோட ஒட்டி நிக்கும், நம்ம வேர்வைக்கு அதுதான் தோது. அத்தருக்குப் பேர் போன உத்தரப்பிரதேசத்து கன்னோஜ் பக்கம் பழைய முறைல பூவைக் காய்ச்சி வர்ற வாசனைய சந்தன எண்ணெய்லதான் இறக்குவாங்க, ஆனா சந்தனம் விக்கிற விலைக்கு சின்ன பாட்டில் மலிவா குடுத்தா அது சந்தனத்துல இறக்கினது இல்லன்னு புரிஞ்சுக்குங்க, அதுக்காக கெட்டதுன்னு அர்த்தம் இல்ல. வெட்டிவேர் அத்தர் இருந்தா அதை முதல்ல கேளுங்க, ஆவணி புழுக்கத்துக்கு குளுகுளுன்னு இருக்கும். கடைக்காரர் புறங்கைல தடவி விடுவாரு, அதை வாங்கிக்கிட்டு கடல் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்து முடிவு பண்ணுங்க. பட்டு மேல எதையும் போடாதீங்க, அத்தர் எண்ணெய்க்கறை போகாது, சென்ட் பட்டா சரிகை கறுக்கலாம். குளிச்சு தொடச்சதும் தோல்ல போட்டு, காஞ்ச பிறகு புடவை கட்டுங்க.

வெண்ணாத்தங்கரை:
நான் முதல்லயே ஜவ்வாதுன்னு சொன்னேன், யாரு கேக்கறா.