மகளின் மூச்சுத்திறன் கூடியது நீச்சல் பயிற்சியாலா, உயரமாக வளர்ந்ததாலா?

அல்சூர் அம்மா:
பெங்களூரில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. போன வருஷம் கோடை முகாமோடு நிறுத்தாமல் கோச்சிங் பேட்ச்சில் சேர்த்துவிட்டேன். அப்போதெல்லாம் 50 மீட்டர் போனாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவாள். இப்போது 400 மீட்டர் நிற்காமல் போகிறாள். லேசான வீசிங் உண்டு என்பதால் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எடுத்தோம். எஃப்விசி (முழுதாக இழுத்து வேகமாக ஊதித் தள்ளும் காற்றின் அளவு) 1.9 லிட்டரிலிருந்து 2.3 ஆகியிருக்கிறது. இது பயிற்சியாலா, வளர்ந்ததாலா? இன்னொன்று, கோச் இப்போது மூச்சே எடுக்காமல் 25 மீட்டர் போகச் சொல்கிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது.

நுரையீரல் லேப் டெக்னீஷியன்:
மேடம், லிட்டரை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள். வயது, உயரம், பாலினத்தை வைத்துப் போடும் கணக்கு அது. மாறவில்லையென்றால் வளர்ச்சிதான், கூடியிருந்தால் பயிற்சிக்கும் பங்கு இருக்கலாம். நன்றாக ஊதப் பழகியிருந்தாலும் கொஞ்சம் கூடும்.

ஜெயநகர் கோச்:
அக்கா, 400 மீட்டர் வந்ததற்கு நுரையீரல் பெருத்தது மட்டும் காரணமில்லை. கழுத்தளவுத் தண்ணீர் நெஞ்சை அழுத்தும். அதை எதிர்த்து இழுத்து இழுத்து மூச்சுத் தசை பலப்படும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் கூடும். ஆனால் குழந்தைகளிடம் நான் முதலில் பார்ப்பது குமிழியைத்தான். புதிதாக வருபவர்கள் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துவைத்து, முகம் திருப்பும் அந்த ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் பார்ப்பார்கள். முகம் உள்ளே இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் தொடர்ந்து விடப் பழகினாலே பாதித் திணறல் போய்விடும்.

மூச்சே எடுக்காமல் போகும் அந்த செட்டை (பயிற்சிச் சுற்றை) பற்றி உங்கள் கோச்சிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். அதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் சேராது, கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு வேண்டும் என்ற தவிப்பு வருவதற்குள் நினைவு தப்பிவிடலாம். வீசிங் உள்ள பிள்ளைக்கு அந்த செட் வேண்டவே வேண்டாம். மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு, இரண்டு பக்கமும் திரும்பி எடுக்கட்டும், போதும். மூடிய பூலில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் அன்றைக்கு இறக்காதீர்கள். அது சுத்தத்தின் வாசனை இல்லை, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து வரும் வாயு.

அல்சூர் அம்மா:
ரொம்ப நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், சதவீதம் 94-லிருந்து 98. பெரும்பகுதி உயரம்தான் போல. நாளைக்கே கோச்சிடம் பேசுகிறேன். இன்ஹேலரை பூலுக்கே எடுத்துப் போகலாமா?

ஜெயநகர் கோச்:
கட்டாயம். பையில் பூட்டி வைக்காமல் பூல் ஓரத்தில் கிக்போர்டு (பிடித்து நீந்தும் மிதவைப் பலகை) பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எந்த இன்ஹேலர் என்று கோச்சுக்கும் காட்டிவிடுங்கள் அக்கா.